ஆசானுக்கு ஒரு தேதி கிடையாதா?

பாவூர்சத்திரத்தில் இப்போது பத்து தப்படிக்கு ஒரு சிலம்ப பேனர் தொங்குகிறது. ரயில்வே கேட் பக்கம் ஒன்று, மார்க்கெட் வாசலில் ஒன்று, கீழப்பாவூர் விலக்கில் ஒன்று. "ஐயாயிரம் ஆண்டு பாரம்பரியம்", "உலக சாதனை", "மூன்று சதவீத இட ஒதுக்கீட்டுக்கு இன்றே சேருங்கள்". நடுவில் கம்போடு ஒரு சிறுவன். மேலே வரிசையாகத் தலைவர்கள் படம். ஒரு பேனரிலாவது கம்பு சொல்லிக் கொடுத்த ஆசானின் பேர் இருக்கிறதா என்று போகவர நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பயிற்சியாளர் பேர் இருக்கும், செல்போன் எண்ணோடு. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேர் இருக்காது. அவருக்கும் முந்தியவர் பேரைக் கேட்டால் பயிற்சியாளருக்கே தெரியாது.

ஐயாயிரம் வருஷக் கணக்கு தெரிகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தி இருந்த மனிதனைத் தெரியவில்லை. இந்தப் பதிவு இதைப் பற்றித்தான். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த ஐயாயிரத்தைப் பார்த்துவிடலாம். போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவில் பேசியவர் போதிதர்மரில் ஆரம்பித்தார். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனாவுக்குப் போய் ஷாவொலின் துறவிகளுக்கு நம் கலையைச் சொல்லிக் கொடுத்தார், அதுதான் குங்பூ ஆனது, கராத்தே ஆனது என்று. 2011 தீபாவளிக்கு 'ஏழாம் அறிவு' படம் வந்ததிலிருந்து இது பாடப்புத்தகத்தில் இருக்கிற செய்தி மாதிரி ஆகிவிட்டது. சீனப் பதிவுகள் சொல்வது வேறு. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல் கி.பி. 547 வாக்கில் யாங் சுவான்சி எழுதிய லோயாங் பௌத்த மடங்கள் பற்றிய நூல். அது அவரை மேற்கிலிருந்து வந்த பாரசீகத் துறவி என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் சண்டைக்கலை கிடையாது. அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப் போடும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் 1624-இல்தான் வருகிறது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலே தள்ளி. அந்த நூலின் முன்னுரைகள் கட்டுக்கதை என்று முதலில் நிறுவியவர்களே சீன ஆராய்ச்சியாளர்கள்தான்.

அடுத்தது சிலப்பதிகாரம். "பேரிலேயே சிலம்பு இருக்கிறதே" என்று மேடையில் கைதட்டு வாங்குகிறார்கள். ஐயா, அது கண்ணகியின் கால் சிலம்பு. பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான்.

இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன்? பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பதற்காக இல்லை. போதிதர்மரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டால், பக்கத்துத் தெருவில் வாழ்ந்து செத்த ஆசானைத் தேடிப் போக வேண்டிய வேலை மிச்சமாகிறது. பல்லவ இளவரசர் எந்தச் சாதிச் சண்டைக்கும் வரமாட்டார், பென்ஷன் கேட்க மாட்டார், அவர் பேரன் வந்து "எங்க தாத்தா அப்படி இல்லையே" என்று சொல்லவும் மாட்டான். தொந்தரவு இல்லாத ஆசான்.

மூன்றாவது, வெள்ளைக்காரன் தடை செய்தான் என்பது. இதில் உண்மை உண்டு. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே பாளையங்களில் கோட்டை கூடாது, ஆயுதம் கூடாது என்று கும்பெனி அறிவிப்புப் போட்டது. சரி. அவ்வளவு கெடுபிடியிலும் காலடியும் வீச்சும் நம் காலம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதே, யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? தடை செய்தவன் பேரை நூறு தடவை சொல்கிறோம். தடையை மீறிக் கொண்டுவந்தவர்களில் நாலு பேர் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இதில் எனக்கு மானம் போகிற மாதிரி இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. சின்ன மருதுவிடம் வித்தை கற்றுக்கொண்ட ஒருவர் தன் ஆசானைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அவர் நம் ஆள் இல்லை. கும்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ். சமாதான காலத்தில், 1795 வாக்கில், சிவகங்கைப் பக்கம் போய்வந்தபோது ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மருது என்று 1830-இல் வெளிவந்த தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அவருடைய தோற்றம், பழகுகிற விதம், யாரும் தடையில்லாமல் நெருங்கிப் பேசலாம் என்கிற எளிமை எல்லாம் அதில் இருக்கிறது. அதே மனிதரைத் தானே காட்டு மிருகத்தை விரட்டுவது போல் விரட்ட நேர்ந்ததையும், தொடை எலும்பு முறிந்து பிடிபட்டதையும், அண்ணனோடு தூக்கில் தொங்கியதையும் எழுதுகிறார். பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் பல வருஷம் கழித்து, 1818-இல், அங்கே பார்க்க நேர்ந்ததையும் விடவில்லை.

வெல்ஷை நான் பாராட்டவில்லை. தூக்குமேடைப் பக்கம் நின்றவர். ஆனால் சொல்லிக் கொடுத்தவன் பேரைச் சொல்லவேண்டும், எந்த வருஷம், எந்த வித்தை என்று சொல்லவேண்டும், அவன் எப்படிச் செத்தான் என்றும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்கிற புத்தி எதிரிக்கு இருந்திருக்கிறது. அந்த அளவுகூட நமக்கு இல்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போது எங்கள் வாத்தியார் கதைக்கு வருகிறேன். அவர் பேரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தார் கூடிப் பேசிச் சரி என்று சொன்ன பிறகு, பேரோடும் தேதியோடும் தனிப் பதிவாகவே போடுவேன். இப்போதைக்கு வாத்தியார். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். பள்ளிக்கூடத்து வாத்தியாரை "சார்வாள்" என்போம், குழப்பம் வராது.

மார்க்கெட்டில் மூட்டை தூக்குவது அவர் தொழில். பாவூர்சத்திரம் மார்க்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சுற்று வட்டாரத்துக் கத்தரியும் வெண்டையும் சின்ன வெங்காயமும் இங்கே இறங்கி, பாதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகும். விடியும் முன்னே வேலை ஆரம்பம். உச்சி வெயிலில் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்து ஒரு தூக்கம். சாயங்காலம் ஐந்தரைக்குக் களத்தில் நிற்பார். நான் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, 1969. தட்சணை வெற்றிலை பாக்கும் கால் ரூபாயும். இல்லாதவன் வெறும் வெற்றிலை. அதுவும் இல்லாதவன் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரிசையில் நிற்கலாம்.

முதல் மூன்று மாதம் கம்பே கொடுக்க மாட்டார். காலடி மட்டும்தான். முன்வைப்பு, பின்வைப்பு, திரும்பல், ஒரே காலில் நின்று மாற்றுவது. மணலில் கால் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்துத்தான் திட்டுவார். "ஏல, நிக்கத் தெரியாதவனுக்குக் கம்பு எதுக்குல? மாடு மேய்க்கவா?" என்பார். மூன்று மாதம் தாண்டியவனுக்கு நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. தானே வெட்டி, வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் போட்டு வைத்திருப்பார். சலாம் வரிசை போடாமல் கம்பைத் தொடக்கூடாது. தரைக்கு ஒன்று, நாலு திசைக்கு நாலு, எதிரில் நிற்பவனுக்கு ஒன்று. "அவன் இல்லாட்டா நீ யாரோடல படிப்ப?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி அலுவலகத்திலும் எனக்கு உதவியிருக்கிறது.

அடித்துக்கொண்டால் கட்டும் அவரே போடுவார். மணிக்கட்டு பிசகினால் இழுத்து உட்கார வைத்து, உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவார். வர்மம் தெரியுமா என்று பெரிய பையன்கள் கேட்டால் சிரிப்பார். இளக்கத் தெரிந்தவனுக்குத்தான் அடிக்கச் சொல்லித் தரவேண்டும் என்பது அவர் கட்சி. மயங்கி விழுந்தவனை எழுப்புகிற அடங்கல் இடங்களை நாலைந்து பேருக்குக் காட்டினார். அடிக்கிற இடத்தை யாருக்கும் காட்டியதாக நான் அறிந்ததில்லை.

இதெல்லாம் நல்ல கதை. எந்த மேடையிலும் சொல்லலாம். மேடையில் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கம்பு தெரு விட்டுத் தெரு போகாது. எந்தத் தெருவுக்கு எந்த ஆசான், எந்த அம்மன் கொடையில் யார் விளையாடலாம், யார் கம்பைத் தொடலாம் என்பதெல்லாம் சாதி போட்ட கணக்கு. சிலம்பம் தமிழர் கலை என்று இன்று மைக் பிடிப்பவர்கள் அன்றைக்கு எல்லாத் தமிழனுக்கும் களத்தில் இடம் இருந்ததா என்று சொல்வதில்லை. இருக்கவில்லை. எங்கள் களம் முதலில் கோயில் முன் திடலில் இருந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் தெருவிலிருந்து மூன்று பையன்கள் வந்து ஓரத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். வாத்தியார் ஒருநாள் அவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார். அந்த வாரமே பெரியவர்கள் வந்து பேசினார்கள். கோயில் முன்னால் அவர்கள் நிற்கக்கூடாது என்றார்கள். வாத்தியார் வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாள் களத்தை ஊருக்கு வெளியே குளத்துக் கரைக்கு மாற்றினார். "கோயில்தானே உங்களுக்கு? மண்ணு எல்லாருக்கும்" என்றுதான் சொன்னார். எங்களில் பாதிப் பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். என்னை என் அப்பா நிறுத்தவில்லை, அது என் அதிர்ஷ்டம். இரண்டு கொடைக்கு வாத்தியாரைக் கூப்பிடவில்லை. மார்க்கெட்டிலும் சில நாள் மூட்டை குறைந்தது. பனிரண்டு பேரோடு குளத்துக் கரையில் நடத்தினார். அந்த மூன்று பையன்களில் ஒருவர் பிற்பாடு ராணுவத்தில் சேர்ந்து ஓய்வு பெற்று இப்போதும் நலமாக இருக்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "கட்டாயம் எழுதுங்க அண்ணாச்சி" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வாத்தியாருக்கு ஒரு அமைப்பு நினைவு விழா நடத்தியது. அமைப்பின் பேர் வேண்டாம், எல்லாத் தரப்பிலும் இப்படி ஒன்று இருக்கிறது. பேனரைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. வாழ்நாளில் அவர் சொல்லிக்கொள்ளாத சாதிப் பட்டம் பேருக்குப் பின்னால். "பாண்டியர் படைத்தளபதி வம்சம்" என்று ஒரு வரி. மூட்டை தூக்கியது எங்கேயும் இல்லை, அது கௌரவக் குறைவாம். பிறந்த தேதி என்று ஒன்று போட்டிருந்தார்கள். அது அவர்கள் கொண்டாடும் தலைவர் ஒருவரின் பிறந்த நாள். "வாத்தியாருக்கு இந்தத் தேதி எங்கே கிடைத்தது தம்பி?" என்று கேட்டேன். "ஏதாவது ஒரு தேதி வேணும்ல சார், ராசியான தேதியாப் போட்டோம்" என்று பதில் வந்தது. குளத்துக் கரைக் கதையைச் சொல்ல இரண்டு நிமிஷம் கேட்டேன். நேரமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் போதிதர்மர் ஓடினார்.

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்த மிகத் துணிச்சலான காரியத்தை அழித்துவிட்டு, அதை எதிர்த்தவர்களின் அடையாளத்தையே அவன் பேரில் ஒட்டுவதற்குப் பேர் நினைவு விழாவா? இதற்கு மறந்தே போயிருக்கலாம். மறந்தால் பிற்காலத்தில் யாராவது தோண்டி எடுப்பார்கள். இப்படிப் பொய்யை எழுதி பேனர் போட்டால், தோண்டுகிறவனுக்கும் அந்தப் பொய்தான் கிடைக்கும்.

புளியரை தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, அது கேரளம். அங்கே நிலைமை எப்படி? வடகரைப் பக்கம் கடத்தநாடன் களரி சங்கம் என்று ஒன்று. 1949-இல் ராகவன் குருக்கள் தொடங்கியது. ஏன் தொடங்கினார் தெரியுமா? தீயர் சாதி என்பதால் களரியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. தானே ஒரு களரி கட்டிச் சாதி பார்க்காமல் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் படித்து, அவரையே மணந்து, அவருக்குப் பின் களரியை நடத்துபவர் மீனாட்சி அம்மா. ஏழு வயதில் களரிக்குள் வந்தவர். கட்டணம் என்று கிடையாது, பிள்ளைகள் தருவது குருதட்சணை. 2017-இல் எழுபது வயது தாண்டிய அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022-இல் சாவக்காட்டுச் சங்கரநாராயண மேனன் என்ற 93 வயதுக் குருக்களுக்கும் கொடுத்தார்கள்.

விருதுக்காக இதைச் சொல்லவில்லை. மீனாட்சி அம்மாவைப் பற்றி எழுதிய பலரும் அந்தச் சாதி மறுப்புக் கதையை மறைக்காமல் எழுதினார்கள். களரியின் பெருமை அதனால் குறைந்ததா? கூடத்தான் செய்தது. அங்கேயும் பரசுராமர் கதை உண்டு, ஐதீகம் உண்டு. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் படித்தவர் சி.வி. நாராயணன் நாயர், அவர் வழியில் கோவிந்தன்குட்டி நாயர் 1956-இல் திருவனந்தபுரத்தில் களரி வைத்தார் என்று படிப்படியாகப் பேரும் வருஷமும் இருக்கிறது. அதனால்தான் பிலிப் சாரில்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வந்து அதே களரியில் படித்து 1998-இல் தனிப் புத்தகமே போட முடிந்தது. நம்மிடம் அப்படி ஒருவர் வந்தால் என்ன கொடுப்போம்? பேனரின் போட்டோவையா?

கராத்தேயைப் பாருங்கள். தென்காசியில் எந்தக் கராத்தே பள்ளிக்குள் போனாலும் சுவரில் ஒரு ஜப்பானியக் கிழவர் படம் தொங்கும். கிச்சின் ஃபுனாகோஷி. 1868-இல் ஓகினாவாவில் பிறந்தவர், 1957-இல் இறந்தவர். வீரப்பரம்பரைத் தளபதி என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1922-இல் டோக்கியோவுக்குப் போய்ச் செய்து காட்டினார். தனக்குச் சொல்லிக் கொடுத்த அசாடோ, இடோசு இருவரைப் பற்றியும், ராத்திரியில் போய்க் கற்றதையும், சம்பளம் போதாமல் இருந்ததையும் தன் வரலாற்றில் எழுதினார். பாவூர்சத்திரத்துப் பையனுக்கு ஓகினாவா வாத்தியாரின் பிறந்த வருஷம் தெரியக் காரணம் அந்த எழுத்துத்தான். சொந்த ஊர் வாத்தியாரின் பிறந்த வருஷம் தெரியாததற்குக் காரணம் வெள்ளைக்காரனும் இல்லை, சீனாக்காரனும் இல்லை.

எழுதப்பட்டாலும் எப்படி எழுதுகிறோம்? 2025 மார்ச் 25-இல் கராத்தே, வில்வித்தை ஆசிரியர் ஷிஹான் ஹுசைனி ரத்தப் புற்றுநோயால் காலமானார். 'பத்ரி' படத்தில் விஜய்க்குப் பயிற்சி கொடுப்பவராக வந்தாரே, அவர். பவன் கல்யாணுக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்தவர். அவரைப் பற்றி எதிர்ப்பும் கேலியும் உண்டு, அவர் செய்த சில காரியங்கள் எனக்கும் ஒப்பாது. ஆனால் அன்றைய செய்திகள் அவரை நடிகர்களின் குரு என்றுதான் எழுதின. தமிழ்நாட்டில் வில்வித்தையை ஒரு விளையாட்டாகப் பரப்ப அவர் வருஷக்கணக்காக உழைத்ததும், வில் பிடிக்கக் கற்றுக்கொண்ட பெயர் தெரியாத பிள்ளைகளும் ஓரத்தில் ஒரு வரிக்குப் போய்விட்டார்கள். ஆசானின் மதிப்பு அவரிடம் படித்த பிரபலத்தின் மதிப்பு என்று ஆகிவிட்டால், பிரபலம் யாரும் படிக்காத ஆசான் ஆசானே இல்லை என்றாகிவிடுகிறது. எங்கள் வாத்தியாரிடம் எந்த நடிகரும் படிக்கவில்லை.

இனி எதிர்ப்பக்கத்துக்குப் பதில். "அண்ணாச்சி, சான்றிதழும் இட ஒதுக்கீடும் வந்ததால்தான் கலை பிழைத்திருக்கிறது, உங்களுக்கு என்ன வந்தது?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது நல்ல காரியம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றதும் சந்தோஷம். என் காலத்தில் களத்தில் ஒரு பெண்பிள்ளை கிடையாது. இன்று பாதிக்குப் பாதி பெண்பிள்ளைகள். இதைவிட வாத்தியாருக்கு வேறு என்ன வேண்டும்?

நான் கேட்பது வேறு. விளையாட்டுத் துறைக்கு இது விளையாட்டு, கலை பண்பாட்டுத் துறைக்கு இது நாட்டுப்புறக் கலை. பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அந்தப் பிள்ளையின் ஆசானின் ஆசான், எழுபத்தைந்து வயதில் முழங்கால் தேய்ந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், எந்தத் துறைக்கு மனுப் போடுவார்? அவரிடம் பட்டயம் இல்லை, சங்கப் பதிவு இல்லை, பிறந்த தேதிச் சான்றுகூட இல்லை. அவர் ஆசான் என்பதற்கு ஒரே சான்று அவரிடம் படித்தவர்களின் வாய்ச்சொல். அந்த வாயைத்தான் போதிதர்மருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

உலக சாதனைக் கூத்தையும் சொல்ல வேண்டும். பானை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிச் சுற்றுவது, இத்தனை மணி நேரம் நிறுத்தாமல் சுற்றுவது. ஆறு வயதுப் பிள்ளை மயங்கி விழும்வரை சுற்ற, பெற்றோர் பணம் கட்டிக் கேடயம் வாங்குகிறார்கள். சிலம்பம் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிற கலை. எதிரில் ஆளே இல்லாமல் கடிகாரத்தோடு சண்டை போடுவதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரில் நிற்பவனுக்கு ஒரு சலாம் என்று சொல்லிக் கொடுத்த ஆசானை மறந்ததால்தான் இது நடக்கிறது. ஆசானின் வாழ்க்கையை மறந்தால் வித்தையின் பாதி போய்விடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொருவர் சொன்னார், "பழைய சாதிக் கதையைக் கிளறினால் களத்தில் சண்டை வரும், பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள்." ஐயா, பேனரில் பட்டம் போட்டபோது பிரியாத பிள்ளைகள், எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதன் களத்தையே மாற்றினான் என்று கேட்டால் பிரிந்துவிடுவார்களா?

திட்டிவிட்டுப் போவது சுலபம். செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தபால் துறையில் முப்பத்தி நாலு வருஷம் பதிவேட்டோடு குப்பை கொட்டியவன், பதிவேடு தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

சிலம்பம் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு தம்பியும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கட்டும். தன் ஆசானிடமோ, அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடமோ போய் உட்காரட்டும். ஊர் எது? பிழைப்பு எது? யாரிடம் கற்றார், எத்தனை வயதில்? எந்த இடத்தில் களம்? எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள், யார் வரக்கூடாது என்று யார் சொன்னார்கள்? தட்சணை என்ன? அவர் வழி துடுக்காண்டமா, குறவஞ்சியா, மறக்காணமா, பேரே இல்லாத வழியா? பேரில்லை என்றால் பேரில்லை என்றே எழுதுங்கள், புதிதாக ஒன்று சூட்ட வேண்டாம். காலடிகளை அவர் என்ன சொல்லால் சொன்னார்? அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். உயிரோடு இருந்தால் கையில் இருக்கும் போனில் அவர் நிற்பதையும் நடப்பதையும் படம் பிடியுங்கள். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். ராசியான தேதி போடாதீர்கள்.

சான்றிதழ் கொடுக்கும் சங்கங்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் கையெழுத்துக்கு மூன்று இடம் விடுகிறார்கள். நாலாவதாக ஒரு வரி போடட்டும்: இந்தப் பிள்ளையின் ஆசான் இன்னார், அவருடைய ஆசான் இன்னார். காசு செலவில்லாத காரியம்.

எங்கள் வாத்தியார் இறந்த வருஷம் பற்றி வீட்டில் இரண்டு பதில் இருக்கிறது. மகன் "எம்ஜிஆர் செத்த மறுவருஷம்" என்கிறார், அப்படியென்றால் 1988. மகள் "ஆத்துல பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்கிறார், அது 1992. இறப்புப் பதிவேட்டில் இரண்டு வருஷத்தையும் தேடிப் பார்க்கச் சொல்லி மகன் பேரில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுபதைத் தொடப் போகிறேன், இதைவிட அவசரமான வேலை எனக்கு இல்லை. குளத்துக் கரையில் எங்களோடு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. மோசமான கையெழுத்தைப் படிப்பதுதான் என் தொழிலாக இருந்தது.